சுகர் உள்ள குழந்தைக்கு எந்த விளையாட்டுப் பெட்டி? டாக்டர் செட் முதல் துணிப் பொம்மை வரை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் எந்த ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போனாலும் பிளாஸ்டிக் டாக்டர் செட் தொங்கும். கோயில் திருவிழாக் கடைகளிலும் அதே செட்தான். உடம்பில் இன்சுலின் சுரக்காமல் போய் தினமும் ஊசி போட வேண்டிய டைப் 1 சர்க்கரை நோய் என்று புதிதாகத் தெரியவந்த குழந்தைக்கு மாமாவோ அத்தையோ அதை வாங்கி வந்துவிடுவார்கள். ஊசி பயம் போகட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த செட்டால் ஊசி பயம் போகாது. அதற்குப் பதிலாக எதை வாங்கலாம், எதைத் தைத்துக்கொள்ளலாம், எதை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கலாம் என்பதை வீட்டுக்காரர்களுக்கும், வார்டில் விளையாட்டு நேரம் தொடங்க நினைக்கும் சக செவிலியர்களுக்கும் இங்கே சொல்கிறோம்.

டாக்டர் செட்டைப் பிரித்தால் ஸ்டெதாஸ்கோப், தெர்மாமீட்டர், முழங்காலில் தட்டும் சுத்தியல், கத்தரிக்கோல், மூக்குக் கண்ணாடி, கட்டைவிரல் தடிமனில் ஓர் ஊசிக் குழாய் ஆகியவை இருக்கும். சுகர் உள்ள குழந்தை தினமும் பார்ப்பது ரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர், அதில் செருகும் ஸ்ட்ரிப், விரல் குத்தும் லான்செட், இன்சுலின் சிரிஞ்சு அல்லது பேனா வடிவ இன்சுலின் ஊசி. இதில் ஒன்றுகூட செட்டில் கிடையாது. ஊசிக் குழாயின் நுனியில் ஓட்டை இருக்காது, அதனால் தண்ணீர் இழுக்காது. அந்தக் குழாயை வைத்துக் குழந்தையால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று: கையை ஓங்கிக் குத்துவது. இன்சுலின் ஊசியில் ஓங்குவதே கிடையாது. மருந்தை இழுப்பது, குமிழியைத் தட்டி வெளியேற்றுவது, இடம் பார்ப்பது, மெல்ல அழுத்துவது, பத்து எண்ணுவது என்று பெரும்பகுதி நிதானமான வேலை. குத்துவது ஒரு நொடி. டாக்டர் செட் அந்த ஒரு நொடியை மட்டும் எடுத்துப் பெரிதாக்கிக் குழந்தையிடம் கொடுக்கிறது. எங்கள் முதல் ஆட்சேபம் இதுதான்.

இரண்டாவது ஆட்சேபம் பாதுகாப்பு பற்றியது. 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். திருவிழாக் கடையில் பாலித்தீன் பையில் வரும் செட்டுகளில் அந்த முத்திரையைத் தேடினாலும் கிடைப்பது அரிது. விளிம்பு மழுங்காமல் இருக்கும். சின்னச் சின்னத் துண்டுகள் கழன்று வரும். மூன்று வயதுக்குக் கீழே ஒரு குழந்தை வீட்டில் இருந்தால் அந்தச் செட்டை வாங்கவே வேண்டாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஸ்டெதாஸ்கோப்பையும் கண்ணாடியையும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குங்கள். ஸ்டெதாஸ்கோப் உண்மையிலேயே உதவும்: அதைக் கழுத்தில் போட்டதும் குழந்தை தானே டாக்டராகிவிடுகிறது, எதிரில் இருப்பவர் நோயாளியாகிவிடுகிறார்.

சிகிச்சை விளையாட்டு என்பதைச் செவிலியத்தில் மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். மனதில் அடைத்துக் கிடப்பதைக் குழந்தை பொம்மையின் மீது கொட்டுவது ஒன்று. அடுத்து நடக்கப்போவதைப் பொம்மையின் மேல் செய்து காட்டிச் சொல்லித்தருவது இன்னொன்று. மூச்சு, கை கால் அசைவு போன்ற உடல் வேலையை விளையாட்டாகச் செய்யவைப்பது மூன்றாவது. பிரேசில் நாட்டின் தேசியச் செவிலியர் கவுன்சில் 2004-லேயே இதைக் குழந்தைகள் செவிலியரின் பணியாக விதியில் எழுதிவைத்தது. நம் நாட்டுச் செவிலியப் பாடத்திலும் குழந்தை நலப் பிரிவில் விளையாட்டு இருக்கிறது. பாடத்தில் படித்தது வார்டுக்கு வருவதற்குள், டி.வி.யில் கார்ட்டூன் போட்டு ஊசி போடுவதாகச் சுருங்கிவிடுகிறது. கவனத்தைத் திருப்புவது வேறு, விளையாட்டு வேறு. ஒரு நாள் தடுப்பூசிக்குக் கார்ட்டூன் போதும். தினம் மூன்று நான்கு ஊசி, அதுவும் வாழ்நாள் முழுக்க என்றால் கார்ட்டூன் ஒரு வாரத்தில் தோற்றுப்போகும்.

வெளிநாட்டில் இதற்கென்றே பொம்மைகள் உண்டு. அமெரிக்காவின் ஜே.டி.ஆர்.எஃப். அமைப்பு, இப்போதைய பெயர் பிரேக்த்ரூ டி1டி, புதிதாக நோய் தெரிந்த குழந்தைகளுக்குக் கொடுக்கும் பையில் ரூஃபஸ் என்ற கரடி இருக்கும். ஊசி போடும் இடங்களில் அதன் உடம்பில் துணி ஒட்டுகள் தைத்திருப்பார்கள். ஸ்ப்ரௌட்டல் நிறுவனத்தின் ஜெர்ரி என்ற கரடிக்குச் சாப்பாடு ஊட்டலாம், சுகர் பார்க்கலாம், இன்சுலின் போடலாம். யோசனை அருமை. ரூஃபஸின் ஒட்டுகளைப் பார்த்து நாமும் தைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் இறக்குமதி விலை கொடுத்து வாங்கினால் நம் குழந்தைக்கு முழுப் பயன் இல்லை. கரடியின் தட்டில் புட்டும் நேந்திரம் பழமும் இருக்காது. நம் அரசு மருந்தகத்தில் கிடைக்கிற, மில்லிக்கு 40 யூனிட் (இன்சுலினை அளக்கும் அலகு) கணக்குள்ள சிரிஞ்சும் இருக்காது.

ஆகவே எங்கள் சிபாரிசு, பக்கத்துத் தையல்காரரிடம் தைத்து வாங்கும் துணிப் பொம்மை. கொலுப் பொம்மையோடு வீட்டில் இருக்கும் மரப்பாச்சி இதற்கு ஆகாது, மரத்தில் ஊசி இறங்காது. நாற்பது சென்டிமீட்டர் உயரம், கெட்டிக் காடாத் துணி, நம் குழந்தைகளின் நிறம். சொல்லி வாங்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

முகத்தில் சிரிப்பு வரையக் கூடாது. எப்போதும் சிரிக்கிற பொம்மையிடம் குழந்தை "உனக்கு வலிக்குதா" என்று கேட்க முடியாது. வாயை ஒரு நேர்கோடாக விட்டால் போதும், அழுகையும் கோபமும் குழந்தையே வைத்துக்கொள்ளும். கையில் ஐந்து விரலும் தனித்தனியாக வேண்டும். விரல் நுனியின் பக்கவாட்டில் சிவப்பு நூலால் ஒரு புள்ளி போடச் சொல்லுங்கள், நடுவில் வேண்டாம். ரத்தம் எடுக்க வேண்டியது பக்கவாட்டில்தான், அங்கே வலி குறைவு. வயிற்றில், தொடைகளில், மேற்கைகளின் வெளிப்பக்கம், பிட்டத்தில் வேறு நிறத்தில் ஒட்டு வைத்து, ஒவ்வொரு ஒட்டையும் நூலால் நான்கு கட்டமாகப் பிரிக்க வேண்டும். இன்றைக்கு இந்தக் கட்டம், அடுத்த வாரம் அந்தக் கட்டம் என்று இடம் மாற்றிப் போடும் பழக்கம் அதிலேயே வந்துவிடும். ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் இடைவெளி.

ஒரே ஒரு ஒட்டின் அடியில் மட்டும் ஒரு ரப்பர் துண்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் தோலுக்கு அடியில் கொழுப்பு தடித்துக் கட்டியாகும். அந்த இடத்தில் வலி குறைவாக இருப்பதால் குழந்தை அங்கேயே போடச் சொல்லி அடம்பிடிக்கும். ஆனால் கட்டியில் போட்ட இன்சுலின் ஒருநாள் ஒரு மாதிரி உடம்பில் சேரும்; சுகர் காரணம் தெரியாமல் ஏறி இறங்கும். வாயால் எத்தனை தடவை சொன்னாலும் ஏறாத இந்த விஷயம், பொம்மையின் தொடையைத் தடவி "இங்க மட்டும் கெட்டியா இருக்கு" என்று குழந்தையே கண்டுபிடிக்கும்போது ஏறிவிடுகிறது. பிறகு தன் தொடையையும் தடவிப் பார்க்கும். இந்தப் பெட்டியில் எங்களுக்கு மிகப் பிடித்த பாகம் இந்த ரப்பர் துண்டுதான்.

இந்தப் பொம்மையில் கெட்டுப்போவது பஞ்சு. குழந்தை தண்ணீரை இழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கும். இலவம் பஞ்சு ஈரத்தை வாங்கி, மழைக்காலத்தில் இரண்டே நாளில் பூசணம் பிடித்து நாறும். அதனால் ஒவ்வொரு ஒட்டையும் வாய் திறந்த சின்னப் பையாகத் தைத்து, உள்ளே பிளாஸ்டிக் துணி வைத்து, பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டை நுழைக்க வேண்டும். விளையாடி முடிந்ததும் ஸ்பாஞ்சை எடுத்துப் பிழிந்து வெயிலில் வைத்தால் ஆயிற்று. ஸ்பாஞ்சில் ஊசி இறங்குகிற விதமும் பஞ்சைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்தது சிரிஞ்சு. இதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். இன்சுலின் சிரிஞ்சுகளில் பெரும்பாலும் ஊசி நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கும், கழற்ற வராது. கட்டரில் வெட்டினால் மிச்சமிருக்கும் கம்பி முனை ஊசியைவிட மோசமாகக் கீறும். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தை தன் இஷ்டத்துக்கு விளையாடுவதற்கு, ஊசி தனியாகக் கழலும் 1 மில்லி டியூபர்குலின் சிரிஞ்சை ஊசி இல்லாமல் கொடுங்கள். தண்ணீர் இழுக்கும், பீய்ச்சும், குமிழி வரும், ஆபத்து இல்லை. அதில் கோடுகள் மில்லி கணக்கு, யூனிட் கணக்கு அல்ல. ஆகவே அளவு சொல்லித்தர அதைப் பயன்படுத்தவே கூடாது. அளவுக்கு, குழந்தை வீட்டில் பயன்படுத்தும் அதே ரகப் புதுச் சிரிஞ்சு வேண்டும். அதைப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து, முடிந்ததும் ஊசி டப்பாவில் போட்டுவிட வேண்டும். பொம்மைக்குப் போட்ட ஊசியும் அதே கெட்டி பிளாஸ்டிக் டப்பாவுக்குத்தான் போகும் என்று குழந்தை பார்க்கட்டும்.

கேரள, தமிழ்நாட்டு எல்லையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு தனி எச்சரிக்கை. நம் நாட்டில் பாட்டிலில் வரும் சாதாரண இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு. பேனாவுக்குள் போடும் மருந்துக் குழாயான கார்ட்ரிட்ஜும், சில புதுவகை இன்சுலின் பாட்டில்களும் மில்லிக்கு 100 யூனிட். அந்தப் பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு. ஒரு மாதம் சித்தூர்ப் பக்கம் மருந்து, அடுத்த மாதம் பொள்ளாச்சியிலோ கோயமுத்தூரிலோ மருந்து என்று இருக்கும் வீடுகளில் இரண்டும் ஒரே ஃபிரிட்ஜில் கிடக்கும். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட், இரண்டரை மடங்கு. குழந்தை மயங்கி விழும். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடியில் 10 கோடு இழுத்தால் போவது 4 யூனிட்தான்; சுகர் ஏறும். பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் மருந்து இழுப்பதும் இதே காரணத்தால் ஆபத்து. ஆகவே பெட்டியில் இரண்டு காலி பாட்டில்களும் இரண்டு நிற மூடிகளும் வைத்து, ஜோடி சேர்க்கும் விளையாட்டு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கு நிறம் பார்க்கத் தெரியும். அப்பாவோ அம்முச்சியோ அவசரத்தில் மாற்றி எடுத்தால் "அது ஆரஞ்சு, அது கூடாது" என்று கத்தச் சொல்லிக்கொடுங்கள்.

காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பும்போது லேபிளைக் கிழித்துவிட்டுச் சுற்றிலும் அகலமான கறுப்பு டேப் ஒட்டுங்கள். அந்தப் பாட்டில் எக்காரணம் கொண்டும் ஃபிரிட்ஜுக்குள் போகக் கூடாது. உண்மையான மருந்துக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில் நின்றால் என்றாவது ஒருநாள் விடியற்காலையில் யாரோ அதைத்தான் எடுப்பார்கள். பேனா கொடுப்பதாக இருந்தால் உள்ளே மிச்ச மருந்து உள்ள கார்ட்ரிட்ஜ் இருக்கக் கூடாது. பேனாவின் கிளிக் சத்தம் குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், திருகிக்கொண்டே இருப்பார்கள். அதனால் பொம்மையின் டோஸ் எப்போதும் 2 அல்லது 3 யூனிட் என்று செவிலியர் தீர்மானித்துவிட வேண்டும். 20, 30 என்று திருகி விளையாடிய கை உண்மைப் பேனாவையும் அப்படித் திருகும். பேனாவில் சொல்லித்தர வேண்டிய வரிசை: புது ஊசி, 2 யூனிட் காற்றில் விட்டுச் சொட்டு வருகிறதா என்று பார்ப்பது, டோஸைத் திருகுவது, நேராகக் குத்துவது, அழுத்தி முடித்து பத்து எண்ணி எடுப்பது. ஊசி 4 மில்லிமீட்டராக இருந்தாலும் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தோலை மெல்லத் தூக்கிப் பிடித்துத்தான் போட வேண்டும். எட்டு மணிக்கு பஸ் என்கிற வீட்டில் முதலில் விட்டுப்போவது அந்தப் பத்து எண்ணிக்கைதான். மருந்து ஊசி முனையில் சொட்டி வீணாகும். பொம்மைக்கு எண்ணிப் பழகிய குழந்தை தனக்கும் சத்தமாக எண்ணும்.

குளுக்கோமீட்டருக்கு ஓடாத பழைய மீட்டர் போதும். ஸ்ட்ரிப்பை வீணாக்க வேண்டாம். சீட்டுகளில் 48, 65, 110, 170, 260 என்று எழுதி, பொம்மையின் விரலைக் 'குத்தியதும்' ஒரு சீட்டைத் திருப்பி மீட்டரின் திரைமேல் வையுங்கள். குழந்தைதான் அடுத்து என்ன என்று சொல்ல வேண்டும். 70-க்குக் கீழே என்றால் உடனே சர்க்கரை. 70 முதல் 180 வரை விளையாடப் போகலாம். அதற்கு மேல் போனால் பெரியவரிடம் சொல்வது, தண்ணீர் குடிப்பது. வாந்தியும் வயிற்று வலியும் சேர்ந்துகொண்டால் ஆஸ்பத்திரி. எண்ணைப் பற்றி நல்லது, கெட்டது என்று பேசாதீர்கள். 260 வந்த பொம்மை திட்டு வாங்கினால், அடுத்த வாரம் குழந்தை நோட்டில் பொய் எண் எழுதத் தொடங்கும். விரலைக் குத்துவதற்கு முன் பொம்மையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது ஆட்டத்தின் சட்டம். மாம்பழம் சாப்பிட்ட விரலில் ரத்தம் எடுத்தால் மீட்டர் பழத்தின் இனிப்பையும் சேர்த்துக் காட்டும். முதலமடைப் பக்கம் மாம்பழக் காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

சர்க்கரை இறங்கும் ஆட்டத்தில் பொம்மைக்கு நடுக்கம், வியர்வை, பசி, காரணமில்லாத அழுகை வரும். கொடுக்க வேண்டிய அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ். 15 கிலோக் குழந்தைக்கு நாலரை கிராம், 30 கிலோவுக்கு 9 கிராம். வீட்டுக் கணக்கில் முதலாவது ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை, இரண்டாவது இரண்டு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட. சொப்புச் சாமானில் உள்ள குட்டிக் கரண்டியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். வீட்டின் உண்மையான தேக்கரண்டியையே வையுங்கள், இல்லாவிட்டால் 'ஒரு கரண்டி' என்பது குழந்தையின் மனதில் நகக்கண் அளவாகப் பதிந்துவிடும். கொடுத்தபின் 15 நிமிடம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட் கொடுத்தால் அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கிக் கிடக்கும் பொம்மைக்கு வாயில் எதுவும் ஊட்டக் கூடாது. உடன்பிறந்த அண்ணனோ அக்காவோ இந்த ஆட்டத்தில் கட்டாயம் உட்கார வேண்டும், பள்ளிக்கூடம் போகும் வழியில் கூட இருப்பது அவர்கள்தான்.

சொப்புச் சாமானுக்கு முழு மதிப்பெண். மரமோ மண்ணோ ஸ்டீலோ, வீட்டில் இருப்பது போதும். சாதாரண ரெகுலர் இன்சுலின் போட்டால் சாப்பிட அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். விரைவு இன்சுலின் என்றால் சுமார் 15 நிமிடம். பசியோடு இருக்கும் குழந்தைக்கு அந்த அரை மணி நேரம் பெரும் சோதனை. பொம்மைக்கு ஊசி போட்டுவிட்டு, அடுப்பு மூட்டி, அரிசி களைந்து, கறிக்கு நறுக்கிச் சமைத்து முடிக்கச் சரியாக அரை மணி ஆகிவிடும். காத்திருப்பதற்கு ஒரு வேலை கிடைக்கிறது. ஊசி முதலில், சாப்பாடு பிறகு என்ற வரிசையும் தானாகப் பதிகிறது. உணவு அட்டைகளை அச்சில் வாங்காமல் அந்த வீட்டுத் தட்டையே போனில் படம் எடுத்து ஒட்டுங்கள்: மட்டை அரிசிச் சோறு, கஞ்சி, புட்டும் கடலையும், இட்லி, முட்டை, நேந்திரம் பழம். சிவப்பு அட்டை தின்னக் கூடாது, பச்சை தின்னலாம் என்று பிரிக்கிற செட்டுகளை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. வளர்கிற குழந்தைக்குச் சோறு விலக்கு அல்ல. எவ்வளவு சோற்றுக்கு எவ்வளவு மருந்து என்பதுதான் கணக்கு.

வெயில் காலத்துக்கு இன்னொரு சாமான் சேர்க்கலாம். பாலக்காட்டில் மார்ச், ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி. மருந்தைத் தண்ணீர் படாத டப்பாவில் போட்டு உள்பானையில் வைக்க வேண்டும். மணலுக்குத் தினமும் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றும் வேலையைக் குழந்தைக்குக் கொடுங்கள். திறந்த பாட்டிலை 28 நாள்தான் பயன்படுத்தலாம் என்பதற்குக் காலண்டரில் ஸ்டிக்கர் ஒட்டுவதும் அவர்கள் வேலை.

பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும், பக்கத்தில் உட்காருபவர் கெடுத்தால் கெட்டதுதான். வார்டில் என்றால் பாயை விரித்துத் தரையில் உட்காருங்கள். நேரம் 15 முதல் 45 நிமிடம். குழந்தைக்குச் சுகர் இறங்கியிருக்கும்போதும், இன்சுலின் போதாமல் ரத்தத்தில் சேரும் கீட்டோன் என்ற அமிலம் உள்ளபோதும் வேண்டாம். முதல் இரண்டு மூன்று தடவை எதையும் சொல்லித்தர வேண்டாம். "இந்தப் பாப்பாவுக்குச் சுகர் வந்திருக்கு கண்ணு, இதுக்கு என்ன பண்ணலாம்னு நீயே சொல்லு" என்று ஒரே வாக்கியம் பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். சில குழந்தைகள் பொம்மையின் கண்ணில் குத்தும். சில, பொம்மையைப் பாய்க்கு அடியில் ஒளித்துவைக்கும். சில, பொம்மையை விட்டுவிட்டுச் சிஸ்டருக்கு ஊசி போடும், அப்பாவைக் கட்டிப்போடும். தடுக்காதீர்கள், திருத்தாதீர்கள், பாப்பாவுக்குக் கோபம் வந்திருக்கு போல என்று மட்டும் சொல்லுங்கள். "மிட்டாய் தின்னியா, அதான் உனக்கு ஊசி" என்று பொம்மையைத் திட்டும் குழந்தை, தன் வீட்டில் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறது. தன் தப்பால்தான் நோய் வந்தது என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது. டைப் 1 மிட்டாயால் வருவதல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது. இதைக் குழந்தையிடமும் சொல்லுங்கள், அன்றைக்கே வீட்டுக்காரர்களிடமும் சொல்லுங்கள். "சாப்பிடலேன்னா சிஸ்டரைக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்லிருவேன்" என்ற மிரட்டலை நிறுத்தாத வீட்டில் எந்தப் பொம்மையும் எடுபடாது.

கொட்டித் தீர்த்த பிறகுதான் சொல்லிக்கொடுக்கும் விளையாட்டு. அதிலும் "வலிக்கவே வலிக்காது" என்று பொய் சொல்லாதீர்கள். "சுருக்குனு இருக்கும், பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிரும்" என்பது உண்மை. உண்மை சொன்னவரைக் குழந்தை மறுநாளும் நம்பும். இன்னொரு கண்டிப்பான விதி: விளையாட்டுப் பாயில் உண்மை ஊசி போடவே கூடாது. பொம்மையோடு மும்முரமாக இருக்கும்போது பின்னாலிருந்து வந்து போட்டுவிட்டால் அந்த ஒரு தடவை வேலை சுலபமாக முடியும். அதற்குப் பிறகு பெட்டியைக் கண்டாலே குழந்தை ஓடும்.

மூன்று வயதுக்குக் கீழே பொம்மையும் ஸ்டெதாஸ்கோப்பும் போதும். ஏழு வயதுக்கு மேல் குழந்தைகள் வரிசை தப்பாமல் செய்யவே விரும்புவார்கள், பேனாவும் சீட்டு ஆட்டமும் அவர்களுக்குத்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பொம்மையை நீட்டினால் அவமானப்படுவான். புதிதாக வந்த சின்னக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள்.

துணிப் பொம்மை ஒரு குழந்தைக்கு ஒன்று, வீட்டுக்குப் போகும்போது கூடவே போக வேண்டும். வார்டில் பலரும் தொடுவதற்குச் சோப்பில் கழுவி ஸ்பிரிட்டால் துடைக்கக்கூடிய வினைல் பொம்மை தனியாக இருக்கட்டும். இந்தப் பெட்டி மூன்று மாதச் சராசரி சர்க்கரையைத் தானாகவே குறைத்துவிடும் என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம். இது குறைப்பது பயத்தையும் மல்லுக்கட்டையும். சர்க்கரையைக் குறைப்பது சரியான நேரத்தில் போட்ட மருந்து.

இன்சுலினுக்கும் கருவிகளுக்கும் கேரளப் பக்கம் இருப்பவர்கள், சமூகப் பாதுகாப்பு மிஷன் நடத்தும் மிட்டாயி திட்டத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். 18 வயதுக்கு உட்பட்ட டைப் 1 குழந்தைகளுக்கானது அது. அங்கே கொடுக்கும் துண்டுப் பிரசுரம் மலையாளத்தில் இருந்தால், தமிழ் மட்டும் படிக்கும் அம்மாவுக்காக அதில் உள்ள படங்களை வெட்டிப் பெட்டியின் மூடியில் வரிசையாக ஒட்டி, அடியில் தமிழில் எழுதிக்கொடுக்கும்படி கிளினிக் சிஸ்டரிடம் கேளுங்கள். சிரிஞ்சிலிருந்து பேனாவுக்கோ, பேனாவிலிருந்து, இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் கருவியான பம்ப்புக்கோ மாறுகிற அன்றைக்குப் பெட்டியில் உள்ள சாமானையும் மாற்றிவிடுங்கள். பொம்மைக்கு ஒரு வாரம் முன்னதாகவே மாற்றினால் இன்னும் நல்லது.